இமயத்தின் உச்சியில் ராஜாங்கம்

ராஜாங்கங்கள் மலையேற ஆசைப்படுவது இன்று நேற்று ஏற்பட்ட வழக்கமன்று. காவிரி நாட்டை ஆண்ட கரிகாலன் வடதிசை சென்று இமயத்தின் மீது புலிக்குறி பொறித்தான் என்று நம் புலவர்கள் போற்றினர். சேரன் வில் பொறித்தான் என்று சேரநாட்டார் சொன்னார்கள். பாண்டியன் கயல் பொறித்தான் என்று மதுரைப் பக்கத்தார் விட்டுக்கொடுக்காமல் சொன்னார்கள். அந்தப் பாறை எங்கே என்று எவரும் கேட்டதில்லை. அரசன் கீர்த்திக்குப் புலவன் வாக்கே போதுமான சாட்சியாக இருந்த காலம் அது.

1960-ம் வருஷம் மே மாதம் 25-ந் தேதி, விடிவதற்கு முன் நாலு மணி இருபது நிமிஷத்திற்கு, சீன சர்க்கார் அனுப்பிய கோஷ்டியைச் சேர்ந்த மூவர் எவரெஸ்ட் சிகரத்தின் உச்சியை வடக்குப் பக்கமாக ஏறி அடைந்தனர் என்று பீகிங்கிலிருந்து செய்தி வந்தது. செங்கொடியையும் மா ஸே-துங்கின் மார்பளவுச் சிலை ஒன்றையும் அங்கே வைத்துவிட்டு வந்ததாகவும் அச்செய்தி கூறிற்று. கரிகாலனிடம் கேட்காத ருசுவை உலகம் சீனாவிடம் கேட்டது. நம் நாட்டிலும் கேட்டார்கள். இரண்டு வருஷம் கழித்து எல்லையில் யுத்தம் மூண்ட பிறகு கேட்பதையும் விட்டுவிட்டு, பொய்யென்றே பலர் தீர்த்துவிட்டார்கள். அந்தத் தீர்ப்பு சாட்சியத்தின்மேல் எழுந்ததா, விரோதத்தின்மேல் எழுந்ததா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தஞ்சை ஜில்லாவில் உட்கார்ந்துகொண்டு பனிமலை வழக்கை ஏன் விசாரிக்க வேண்டும் என்று நேயர்களில் சிலர் நினைக்கலாம். குன்று என்று சொல்லத்தக்க மேடு ஒன்றுகூட இல்லாத சமவெளியில், வாய்க்காலும் வரப்புமே உயரமும் பள்ளமுமாக வாழ்கிறவர்கள் நாம். ஆனால் அளவு என்கிற விஷயத்தில் இந்த நாட்டாரைவிட உரிமையுள்ளவர்கள் குறைவு. களத்தில் நெல் அளக்கிறவன் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லாமல் 'லாபம்' என்று சொல்லித் தொடங்குவான். ஆனால் அந்த லாபத்திலும் ஒரு பிடி குறைந்தால் அறுத்தவன் விடமாட்டான். ராஜராஜ சோழன் காலத்தில் சோழமண்டலம் முழுவதும் கோல் பிடித்து அளக்கப்பட்டு, வேலியின் மிக நுட்பமான பின்னங்கள் வரையில் கணக்கு எழுதப்பட்டது. அவன் எழுப்பிய பெரிய கோயிலின் சுவர்களில், எந்த ஊர் எவ்வளவு நெல் அளக்க வேண்டும் என்பது இன்றும் கல்லில் நிற்கிறது.

அதே கோயிலுக்கும் எவரெஸ்டின் உயரத்துக்கும் ஒரு சம்பந்தம் உண்டென்பது நம்மவர் பலருக்குத் தெரியாது. 1799-ல் சரபோஜி மன்னர் தஞ்சை ராஜ்யத்தின் நிர்வாகத்தைக் கும்பினியாரிடம் ஒப்படைத்துக் கோட்டையளவில் நின்றுவிட்டார். மூன்று வருஷம் கழித்து, 1802 ஏப்ரலில், லாம்ப்டன் என்ற ராணுவ உத்தியோகஸ்தர் சென்னைப் பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீளமுள்ள நேர்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளந்து, இந்தியா முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளக்கும் பெரிய சர்வேயைத் தொடங்கினார். கோணம் அளப்பதற்கு அவர் லண்டனிலிருந்து வரவழைத்த தியோடலைட் என்ற கருவி ஏறக்குறைய அரை டன் எடை. கடலில் வரும்போது அது பிரெஞ்சுக்காரர் கையில் அகப்பட்டு மொரீஷியஸ் போயிற்று. சாஸ்திரக் கருவி என்று கண்டதும் அவர்கள் அதை மரியாதையோடு சென்னைக்கு அனுப்பிவைத்தார்கள். சத்துருக்களிடையேயும் ஞானத்துக்கு ஒரு மரியாதை இருந்தது என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம்.

லாம்ப்டன் தஞ்சைச் சீமைக்கு வந்தபோது குன்றுகள் இல்லை. தென்னந்தோப்புகளும் மூங்கிற் புதர்களும் பார்வையை மறைத்தன. ஆகவே கோபுரங்களின்மேல் ஏறி அளந்தார். 1808-ல் பெரிய கோயிலின் விமானத்தின்மேல், சுமார் 216 அடி உயரத்துக்கு, அந்தக் கருவியைக் கயிறு கட்டி இழுத்தார்கள். இழுக்கும்போது கயிறு அறுந்தது. கருவி விமானத்தின் சுவரில் மோதி, கோணம் காட்டும் பித்தளை வட்டம் நெளிந்துபோயிற்று. வேறொருவராயிருந்தால் வேலையையே விட்டிருப்பார். லாம்ப்டனோ ஒரு கூடாரத்துக்குள் தலைமைக் கைத்தொழிலாளர்கள் சிலரைத் தவிர வேறு எவரையும் விடாமல், பலகையொன்றில் வட்டம் வெட்டி, ஆப்பும் திருகும் கப்பியும் வைத்து, ஆறு வாரத்தில் அந்த வட்டத்தை ஏறக்குறையப் பழைய உருவத்துக்கே இழுத்துக்கொண்டுவந்துவிட்டார். அவருடைய பெயர் எல்லாப் புஸ்தகங்களிலும் இருக்கிறது. கயிற்றைப் பிடித்தவர்களும் ஆப்பு அடித்தவர்களும் யார் என்பதை ஒரு புஸ்தகமும் எழுதிவைக்கவில்லை.

அந்த முக்கோணங்களே வடக்கே வளர்ந்து இமயமலையின் அடிவாரத்தை எட்டின. நேபாளத்துக்குள் புக அனுமதியில்லாததால், நூறு மைலுக்கு அப்பால், கங்கைச் சமவெளியில் மலைஜுரத்துக்கு ஆட்களைப் பலிகொடுத்துக்கொண்டே சிகரங்களை நோக்கினார்கள். பதினைந்தாம் நம்பர் சிகரம் என்று குறிக்கப்பட்டதே உலகில் உயர்ந்தது என்பதைக் கணக்குப் போட்டுக் கண்டவர் வங்காளியான ராதாநாத் சிக்தார். 1856-ல் 29,002 அடி என்று அறிவிக்கப்பட்டது. பெயர் வைக்கும்போது மட்டும், வேலையிலிருந்து விலகி சீமைக்குத் திரும்பிவிட்ட ஜார்ஜ் எவரெஸ்ட் துரையின் பெயரை வைத்தார்கள். இந்நாட்டார் நாவில் அது சரியாக வராது என்று அவரே ஆக்ஷேபித்தும் பயனில்லை. மலையடியில் வாழும் திபேத்தியர் தலைமுறை தலைமுறையாக அதைச் சோமோலுங்மா என்று அழைத்துவந்தனர். இந்தப் பெயர் விஷயத்தில் சீன சர்க்கார் எவரெஸ்ட் என்ற சொல்லைத் தள்ளி, திபேத்தியப் பெயரையே தம் தேசப்படங்களில் போட்டது சரியான காரியம் என்றே நாம் சொல்லுவோம். பெயரைத் திபேத்தியரிடமிருந்து எடுத்துக்கொண்டு, தேசத்தையும் எடுத்துக்கொண்டார்களே என்பது வேறு வழக்கு.

இனி 1960-ம் வருஷத்துக் கதைக்கு வருவோம். முதலில் இது சீனரும் ருஷ்யரும் சேர்ந்து செய்வதாக இருந்தது. 1958-ல் இரு தேசத்தாரும் சேர்ந்து வடக்குப் பக்கத்தைப் போய்ப் பார்த்தார்கள். 1959 மார்ச்சில் லாஸாவில் கலகம் எழுந்து, தலாய் லாமா நம் நாட்டில் அடைக்கலம் புகுந்ததும் அந்த ஏற்பாடு நின்றது. பிறகு ருஷ்யர் விலகிக்கொள்ள, சீனர் தனியே செல்லத் துணிந்தார்கள். துணிந்ததற்கு மலைமீதுள்ள காதல் மட்டும் காரணமன்று. அதே வருஷம் வசந்த காலத்தில் நேபாளத்துக்கும் சீனாவுக்கும் எல்லைப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. கொய்ராலா பீகிங்குக்கும் சூ-என்-லாய் காத்மாண்டுவுக்கும் போய்வந்தார்கள். சிகரம் யாருடையது என்பது அப்பேச்சில் எழுந்த கேள்விகளில் ஒன்று. பிரிட்டிஷார் 1921 முதல் 1938 வரை ஏழு தடவை வடக்கு வழியில் முயன்று தோற்றிருந்தனர். 1953-ல் டென்சிங்கும் ஹில்லாரியும் ஏறியது தெற்கு வழி. வடக்கு வழியை வென்றோம் என்று சொல்லக்கூடியவன் வாதத்தில் ஒரு படி மேலே நிற்பான் என்பது வக்கீல்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1961 அக்டோபர் 5-ந் தேதி கையெழுத்தான உடன்படிக்கையின்படி எல்லைக்கோடு உச்சியின் வழியாகவே போயிற்று.

இருநூற்றுப் பதினான்கு பேர் கொண்ட கோஷ்டி. தலைவர் ஷி ஜான்சுன். ஷிகாட்சே நகரிலிருந்து மலையடிவாரம் வரை அதற்கென்றே மோட்டார்ப் பாதை போடப்பட்டது. ஆட்களோ, மலையேற்றத்தைப் பொழுதுபோக்காகக் கொண்ட கனவான்களல்லர். சூ யின்ஹுவா மரம் வெட்டுகிறவர். லியு லியன்மான் தீயணைக்கும் படையில் இருந்தவர். கோன்பு திபேத்தியப் போர்வீரர். வாங் புஜோ ஒருவர்தான் கல்லூரி வாடை கண்டவர். சுமை தூக்கினவர்களில் கணிசமானோர் திபேத்தியர்.

உச்சிக்குச் சற்றுக் கீழே, சுமார் 8,600 மீட்டருக்கு மேல், இரண்டாவது படி என்று பெயர்பெற்ற பாறைச் சுவர் ஒன்று வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதன் மேற்பகுதி ஆள் உயரத்துக்கு இரண்டு மூன்று மடங்கு செங்குத்தானது, பிடிப்பதற்குப் பிளவில்லை. மே 24-ந் தேதி லியு பல தடவை ஏறப்பார்த்து விழுந்தார். பிறகு கீழே குந்தி, தம் தோள்மேல் ஏறிப் போகும்படி தோழர்களிடம் சொன்னார். சூ யின்ஹுவாவின் ஜோடுகளில் இரும்பு முள் இருந்தது. தோழனுடைய தோளை அது கிழிக்கும் என்று ஜோடுகளைக் கழற்றிவிட்டு, உறைபனியில் ஏறினார். சுவர் தாண்டப்பட்டது, சூ கால்விரல்களை இழந்தார். இரவு வந்துவிட்டது. அதற்குமேல் நடக்கச் சக்தியற்றுப்போன லியுவை ஒரு பாறை மறைவில் விட்டுவிட்டு மற்ற மூவரும் போனார்கள். லியு தம் பிராணவாயுக் குழாயை மூடிவைத்தார்; திரும்பிவரும் தோழர்களுக்கு அது வேண்டும் என்று இருட்டில் ஒரு சீட்டும் எழுதிவைத்தார். சாவோம் என்று எண்ணியே அதை எழுதினார், தெய்வாதீனமாகப் பிழைத்தார். அவர் உச்சியை மிதிக்கவில்லை.

இது பீகிங் சொன்ன கதை. இனி எதிர்க்கட்சி வாதத்தைக் கேட்போம். உச்சியில் எடுத்த படம் ஒன்றுமில்லை. இருட்டில் ஏறியதால் எடுக்க முடியவில்லை என்கிறார்கள். உச்சியிலிருந்து என்ன தெரிந்தது என்ற வர்ணனையும் இல்லை. 1963-ல் அமெரிக்கர் ஏறியபோது மாவின் சிலை அவர்கள் கண்ணில் படவில்லை. அனுபவம் குறைந்த ஆட்கள், பிராணவாயு தீர்ந்துபோன நிலையில், இரவில், அவ்வளவு உயரத்தில் நடந்தார்கள் என்பது நம்பத்தக்கதன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, வெளியிட்ட அறிக்கை மலையைப் பற்றிப் பேசியதைக் காட்டிலும் கட்சியையும் தலைவரையும் பற்றிப் பேசியது அதிகம். இந்தக் கடைசிக் குற்றச்சாட்டு உண்மையில் பலமானது. சாட்சிக் கூண்டில் நிற்பவன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் எஜமானைத் துதிக்கத் தொடங்கினால் நியாயாதிபதிக்குச் சந்தேகம் வருவது இயல்பே.

ஆனால் சந்தேகம் வேறு, நிராகரிப்பு வேறு. சிலை உச்சியின்மேல் நின்றதாகச் சீனரே சொல்லவில்லை. பக்கத்துப் பாறையருகே வைத்துக் கற்களால் மூடியதாகச் சொன்னார்கள். இறங்கி வரும்போது பொழுது விடிந்தபின், சுமார் 8,700 மீட்டர் உயரத்தில் எடுத்த படம் ஒன்று உண்டு. அதை ஆராய்ந்த அனுபவஸ்தர்கள் பலர், அது இரண்டாவது படிக்கு மேலே எடுக்கப்பட்டது என்று பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்கள். அந்தச் சுவரைத் தாண்டியவர்களுக்கு மிச்சமிருந்தது நீண்ட வழியானாலும் அதைப்போல் கடினமானதன்று. இழந்த விரல்கள் வேறு இருக்கின்றன. விரல்களைப் பொய்யாகத் தயாரிக்க முடியாது. சந்தர்ப்ப சாட்சியம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், மூவரும் உச்சி சேர்ந்தனர் என்பதே நம் அபிப்பிராயம். மலையேறும் உலகமும் இன்று பெரும்பாலும் அப்படியே கொள்கிறது.

பின் ஏன் நம்பவில்லை என்றால், குற்றம் மலையேறினவர்களுடையதன்று, அனுப்பின ராஜாங்கத்தினுடையது. அந்த 1960-ம் வருஷத்தில் சீனாவின் கிராமங்களில் என்ன நடந்துகொண்டிருந்தது? மகாபாய்ச்சல் என்று பெயர் சூட்டிக்கொண்ட திட்டத்தின்கீழ், ஒவ்வொரு ஊர் அதிகாரியும் மேலதிகாரியைத் திருப்தி செய்ய விளையாத தானியத்தை விளைந்ததாகக் கணக்கு எழுதினான். அந்தப் பொய்க் கணக்கின்மேல் சர்க்கார் கொள்முதல் செய்தது. உழுதவன் வீட்டில் அடுப்பு அணைந்தது. 1959-லிருந்து 1961 வரையில் பட்டினியால் மாண்டவர்களை, மிகக் குறைந்த கணக்கும் ஒன்றரைக் கோடி என்கிறது. மற்றக் கணக்குகள் அதைப்போல் இரண்டு மூன்று மடங்குக்குப் போகின்றன. 1943-ல் வங்காளத்துச் சாவுகளைப் பத்திரிகைகளில் பார்த்த நம் நாட்டாருக்கு இதன் பொருள் விளங்கும். ஒரு போகம் தவறினாலே என்ன ஆகும் என்று தெரிந்த டெல்டா விவசாயிக்கு இன்னும் நன்றாக விளங்கும். களத்துமேட்டில் பொய் மரக்கால் பிடித்தவன் மலையுச்சியில் மெய் அளந்தாலும் ஊர் நம்பாது. லியுவின் தோளை உலகம் பதினைந்து இருபது வருஷம் சந்தேகித்ததற்கு இதுவே காரணம். அந்த அநியாயத்தை அவருக்குச் செய்தது அவருடைய சொந்த சர்க்காரே.

சீனர் இதை உணர்ந்தார்கள் என்பது 1975-ல் தெரிந்தது. அவ்வருஷம் மே 27-ந் தேதி ஒன்பது பேர் மறுபடி அதே வழியில் ஏறினார்கள். அவர்களில் பான்தோக் என்ற திபேத்திய மாதரசி ஒருவர். இம்முறை பட்டப்பகல், படம் எடுத்தார்கள். இரண்டாவது படியில் உலோக ஏணி ஒன்றை ஆணியடித்து நிறுத்தினார்கள். உச்சியில் அளவுக்காக முக்காலி நாட்டினார்கள். செப்டம்பரில் தெற்குப் பக்கமாக ஏறிவந்த பிரிட்டிஷார் இருவர் அந்த முக்காலியை நேரில் கண்டு உலகுக்குச் சொன்னார்கள். எதிர்க்கட்சிச் சாட்சியே வாதியின் கட்சியை ருசுப்படுத்தியது போலாயிற்று. அப்போது சீனர் கணித்த உயரம் 8,848.13 மீட்டர், நம் இந்திய சர்வே இலாகா 1950-களில் கணித்தது 8,848 மீட்டர். எல்லையில் ஒரு கல்லைக்கூட ஒத்துக்கொள்ளாத இரு சர்க்கார்கள் இந்த ஓர் எண்ணில் ஒத்துக்கொண்டன. 2020 டிசம்பரில் சீனாவும் நேபாளமும் கூட்டாக 8,848.86 மீட்டர் என்று அறிவித்தன.

இடையே 2008 மே மாதத்தில் ஒலிம்பிக் பந்தத்தை உச்சிக்குக் கொண்டுபோனபோது பழைய குணம் திரும்பிற்று. திபேத்தில் அவ்வருஷம் எழுந்த கிளர்ச்சியை மனத்தில் வைத்து, வடக்குப் பக்கத்தில் மற்றவர்களை ஏறவிடவில்லை. பந்தம் உச்சி சேரும் வரையில் தெற்குப் பக்கத்திலும் மேல்முகாம்களுக்கு ஏறாதபடி நேபாளத்தைத் தடுக்கச் செய்தார்கள்.

சீனாவைப் பற்றி இவ்வளவு சொன்ன நாம் நம் வீட்டையும் பார்க்க வேண்டாமா? சீனர் உச்சி சேர்ந்ததாகச் சொன்ன அதே வாரத்தில், மலையின் தெற்குப் பக்கத்தில் பிரிகேடியர் கியான் சிங் தலைமையில் நம் கோஷ்டியும் இருந்தது. நவாங் கோம்பு, சோனம் கியாட்ஸோ, நரேந்திர குமார் ஆகிய மூவரும் 28,300 அடி வரையில் ஏறினார்கள். காற்றும் பனியும் முகத்தில் அறைந்தன. உச்சிக்கு எழுநூறு அடி மிச்சம். திரும்பிவிட்டார்கள். திரும்பினோம் என்றே வந்து சொன்னார்கள்; சர்க்காரும் அப்படியே வெளியிட்டது. 1962-ல் மறுபடி முயன்று மறுபடி திரும்பினார்கள். 1965-ல் எம்.எஸ். கோலியின் கோஷ்டியில் ஒன்பது பேர் உச்சி சேர்ந்தபோது ஒருவரும் ருசு கேட்கவில்லை. இரண்டு தோல்விகளை மறைக்காமல் சொன்ன வாய் மூன்றாம் தடவை வெற்றி என்றபோது உலகம் நம்பிற்று. தேசாபிமானிகள் பெருமைப்படத்தக்க சங்கதி வெற்றியைவிட இது.

ஆயினும் பெருமையை அத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. 1964 அக்டோபரில் சீனா அணுகுண்டு வெடித்துப் பரீட்சித்தது. மறுவருஷம், எவரெஸ்ட் வெற்றி ஆரவாரம் அடங்குவதற்குள்ளாகவே, கோலியும் நம் மலைவீரர்கள் சிலரும் அமெரிக்க ரகசிய இலாகாவாருடன் சேர்ந்து நந்தாதேவிக்கு அனுப்பப்பட்டார்கள். சீனப் பரீட்சைகளை ஒற்றுக் கேட்கும் கருவி ஒன்றை உச்சியில் வைப்பது உத்தேசம். அதற்கு மின்சக்தி தருவது புளுட்டோனியம் அடங்கிய பெட்டி. பனிப்புயலால் உச்சிக்குக் கொண்டுபோக முடியாமல், வழியில் ஒரு பாறையில் கட்டிவைத்துவிட்டு இறங்கினார்கள். 1966-ல் போய்ப் பார்த்தபோது பெட்டி இல்லை, பனிச்சரிவு கொண்டுபோயிருக்கும் என்று கருதினார்கள்.

நந்தாதேவியின் பனி உருகி ரிஷிகங்கையாகி அலகநந்தாவில் கலந்து கங்கையாகிறது. ராஜேந்திர சோழன் படை அனுப்பிக் குடங்களில் கொணரச் செய்து, கங்கைகொண்ட சோழபுரத்து ஏரியில் வார்த்த நீர் அந்த நதியினுடையது. அதன் தலைமாட்டில் விஷப்பெட்டி ஒன்று தொலைந்தது என்ற விஷயத்தை நம் சர்க்கார் நம்மிடம் தானாகச் சொல்லவில்லை. 1978-ல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்று வெளியிட்ட பிறகே, பிரதமர் மொரார்ஜி தேசாய் பார்லிமெண்டில் எழுந்து ஒப்புக்கொண்டார். அதுவரை பதின்மூன்று வருஷ காலம், அந்த மலையடிவாரத்தில் ஆடு மேய்த்து அந்த ஓடைநீரைக் குடித்துவந்த கிராமத்தாரிடம் ஒரு வார்த்தையும் சொல்லப்படவில்லை. பெட்டி பிற்பாடும் அகப்படவில்லை.